சிரித்துக்கொண்டே சொல்லும் அடிக் கதைகள்

அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது பல காலம் என் வேலையாக இருந்தது. சாத்தூர், சிவகாசி, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருவார்கள். எடை பார்ப்பது, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் கோடு போடுவது, தடுப்பூசித் தேதி, சத்துமாவு இருப்பு, பதிவேடு எழுதுவது என்று காலை முழுக்கப் பாடம் ஓடும். சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குகிற நேரம் ஒன்று வரும். அப்போது கரும்பலகையை விட்டு வந்து அவர்களோடு உட்கார்ந்துகொண்டு ஒரு கேள்வி கேட்பேன். "சின்னப் பிள்ளையில நீங்க அழுதா, வீட்டுல என்னம்மா செய்வாங்க?"

தூக்கம் பறந்துவிடும். ஒருத்தியின் அய்யா புளிய விளாரை உருவிக் கூரையில் செருகி வைத்திருப்பார். இன்னொருத்தியின் அம்மா அடுப்பில் மிளகாய் வற்றலைப் போட்டு அந்தப் புகைக்கு நேராக முகத்தைப் பிடிப்பார். வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்ட வீடு, வேப்பமரத்தில் கட்டிவைத்த வீடு, பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று தெருமுனை வரை இழுத்துப்போன வீடு. ஒவ்வொரு கதைக்கும் அறை குலுங்கும். சொல்கிறவர்தான் முதலில் சிரிப்பார். கடைசியில் யாராவது ஒருவர் முடித்துவைப்பார்: "அந்த அடிதான் மேடம் நம்மள மனுஷியாக்குச்சு."

அடி விழாத வீடு நம் பக்கம் குறைவு என்பதால் கதைகள் எனக்கு வியப்பளிக்கவில்லை. உறுத்தியது அந்தச் சிரிப்பு. அதற்குக் காரணம், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் 1970-களில் எடுக்கப்பட்ட ஒரு வீடியோவைப் பற்றி நான் படித்திருந்தது.

அதை எடுத்தது செல்மா ஃப்ரைபெர்க்கின் குழு. ஃப்ரைபெர்க் 1918-இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர்; சமூகப் பணி படித்து உளப்பகுப்பாய்வுக்கு வந்தவர். அதனாலோ என்னவோ, தாய்மாரை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக் காத்திருக்காமல் அவர்கள் வீட்டு அடுப்படிக்கே ஆள் அனுப்பினார். அதற்கு முன் பல ஆண்டுகள், பார்வையில்லாமல் பிறந்த குழந்தைகளோடு வேலை செய்திருந்தார். பார்வையில்லாத குழந்தை தாயின் முகம் பார்த்துச் சிரிக்காது. "இதுக்கு என்மேல ஒட்டுதலே இல்லை" என்று தாய்மார் மனம் விட்டுப்போவார்கள். ஃப்ரைபெர்க் அவர்களிடம், முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள் என்றார். முகத்தில் ஒன்றும் தெரியாத அதே நேரத்தில் குழந்தையின் விரல்கள் தாயைத் தேடித் துழாவிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கப் பழகிய தாய்மார் திரும்பவும் பிள்ளையோடு பேச ஆரம்பித்தார்கள்.

வீடியோவுக்கு வருகிறேன். ஐந்தரை மாதப் பெண்குழந்தை தாயிடம் இருந்தபடியே தொண்டை கம்மும் அளவுக்கு அலறுகிறது. தாய் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். சமாதானப்படுத்த ஒப்புக்கு ஏதோ செய்கிறாள், விட்டுவிடுகிறாள். அழுகை நிமிடக்கணக்கில் நீள்கிறது. ஆறுதலுக்காகத் தாய் பக்கம் திரும்ப வேண்டும் என்று குழந்தைக்கும் தோன்றவில்லை. வீடியோவைப் பார்த்த குழுவினர் தங்களுக்குள் கேட்டுக்கொண்டது ஒரே கேள்வி: இந்தத் தாய்க்குத் தன் பிள்ளையின் அழுகை ஏன் கேட்கவில்லை?

காதில் கோளாறு இல்லை. மனசாட்சியில்லாத பெண்ணும் இல்லை. அவள் பிறந்த சில காலத்திலேயே அவளுடைய தாய் மனநோயால் தன்னையே மாய்த்துக்கொள்ள முயன்றிருந்தாள். அவளை உறவுக்காரப் பெண் ஒருத்தி சில ஆண்டுகள் வளர்த்தாள், பிறகு பாட்டி. வறுமை, யாருக்கும் வேண்டாத பிள்ளை என்கிற நிலை. அவள் அழுத அழுகையை யாரும் கேட்கவில்லை. குழு ஒரு முடிவுக்கு வந்தது. இவளுக்குப் பிள்ளை வளர்ப்புப் பாடம் எடுத்துப் பயனில்லை. முதலில் இவள் அழுகையை யாராவது கேட்க வேண்டும். வீட்டுக்குப் போன சிகிச்சையாளர் அதைத்தான் செய்தார். அவள் பேசினாள், பேச்சு அழுகையானது. அப்படி அழ ஆரம்பித்த நாட்களில்தான், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவள் பிள்ளையை அள்ளி மார்போடு அணைத்து முணுமுணுத்துப் பேசத் தொடங்கினாள். சில மாதங்களில் குழந்தை தாயைத் தேடிக் கைநீட்டியது.

1975-இல் ஃப்ரைபெர்க்கும் கூட்டாளிகளும் இதைக் கட்டுரையாக்கி, 'தொட்டிலறைப் பேய்கள்' என்று பொருள்படும் தலைப்பு வைத்தார்கள். அதில் அவர்கள் வந்து சேர்கிற இடம் எனக்கு அந்த மத்தியானச் சிரிப்பைப் புரியவைத்தது. பெற்றோரிடம் பட்டதைத் தன் பிள்ளைக்கும் செய்கிறவர்கள் நடந்ததை மறந்தவர்கள் இல்லை. விளாரின் நீளம் நினைவிருக்கும், எந்த மரம் என்பதும் நினைவிருக்கும். அது காலில் பட்டபோது அந்தச் சின்னப் பிள்ளைக்கு எப்படி இருந்தது என்பது மட்டும் போய்விட்டிருக்கும். அந்த வலியும் பயமும் நினைவில் தங்கியவர்கள் பெரும்பாலும் தன் பிள்ளைமேல் கையோங்கும்போது தயங்கிவிடுகிறார்கள்.

இதைச் சொன்னதும் ஒருமுறை வயதில் மூத்த பணியாளர் ஒருவர் குறுக்கிட்டார். "அழுதா கேக்க ஆளு இருந்தாத்தானே மேடம் அழலாம்? எங்கம்மா விடியுமுன்ன தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிரும். யார்கிட்டப் போயி அழுறது?" யாரும் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதில்தான் இந்த விஷயத்தின் பாதி இருக்கிறது. குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு கடினமான ஆள் இருப்பார். எதற்கும் இளகாத பெரியப்பா, தன் தப்பை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத மச்சான், ஒரு போனை எடுக்காவிட்டால் உலகமே தன்னை விட்டுவிட்டதாகக் கொந்தளிக்கிற நாத்தனார். இவர்களை 'குணமே அப்படி' என்று தள்ளிவைத்துவிடுகிறோம். ஆனால் அந்தக் குணம் பெரும்பாலும் ஒருகாலத்தில் சரியான பதிலாக இருந்தது. அழுதால் அடி விழும் வீட்டில் அழாமலிருப்பது புத்திசாலித்தனம். சில சமயம் மட்டும் கவனிக்கிற வீட்டில் எட்டூருக்குக் கேட்க அலறுவதும் புத்திசாலித்தனம். வீடு மாறிய பிறகும் பதில் மாறாமல் நிற்பதுதான் சிக்கல்.

இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தவர் உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த். 1954, 55-இல் உகாண்டாவில் கம்பாலா அருகே கிராமங்களில் 26 குடும்பங்களுக்கு வீடுவீடாகப் போய், தாயும் பிள்ளையும் இருப்பதை மணிக்கணக்கில் கவனித்துக் குறித்தார். பிறகு அமெரிக்காவில் பால்டிமோரில் ஒரு சோதனை வகுத்தார். ஒரு வயதுக் குழந்தையும் தாயும் புது அறைக்கு வருவார்கள். தாய் கொஞ்ச நேரம் வெளியே போய்த் திரும்புவார். போகும்போது பிள்ளை அழுகிறதா என்பதைவிட, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். பெரும்பாலான குழந்தைகள் தாயிடம் ஓடி, ஒட்டி, அடங்கி, மறுபடி விளையாடப் போய்விடும். சில குழந்தைகள் ஒட்டிக்கொண்டே உதைக்கும். எவ்வளவு நேரமானாலும் அடங்காது. வேறு சில, தாய் வந்ததையே கண்டுகொள்ளாமல் பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கும்.

இந்தக் கடைசி வகைப் பிள்ளைக்கு நம் ஊரில் நல்ல பெயர். "சமத்து, அழவே அழாது, யார்கிட்ட விட்டாலும் இருக்கும்." 1977-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் இந்தக் குழந்தைகளின் இதயத்துடிப்பைப் பற்றி எழுதினார்கள். வெளியே அமைதியாக இருந்த அந்தப் பிள்ளைகளின் உள்ளே, அழுத பிள்ளைகளுக்குப் போலவே இதயம் படபடத்துக்கொண்டிருந்தது. ஒரு வயதிலேயே முகத்தை மூடத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். தனக்கு வேண்டியதைக் கேட்காமலிருக்கப் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் பிறர் கேட்டால் எரிச்சல்படுகிறது. நான் பார்த்த எத்தனையோ 'கல்நெஞ்சக்காரர்கள்' இந்த வகை.

பிறர் துன்பத்துக்கு இளகுவது எங்கிருந்து வருகிறது? பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில் ஓர் அங்கன்வாடிக்குப் போய்ப் பாருங்கள். புதிதாக வந்த ஒன்று வாசலில் அலறும்; உடனே உள்ளே இருக்கிற நான்கு சேர்ந்துகொள்ளும். பிறந்து ஒரு நாளான சிசுவும் இன்னொரு சிசுவின் அழுகையைக் கேட்டால் அழும் என்பது 1970-களிலேயே பதிவான விஷயம். ஆக, விதை எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் இந்தத் தொற்றழுகை இன்னும் இரக்கம் ஆகிவிடவில்லை. அடுத்தவர் தவிப்பு உள்ளே புகுந்ததும் நமக்கும் தவிப்பு வருகிறது. அதைத் தாங்க முடிந்தவர்தான் அடுத்தவரை நோக்கித் திரும்ப முடியும். தாங்க முடியாதவர் ஓடுவார், அல்லது அந்தச் சத்தத்தை நிறுத்தப் பார்ப்பார். நான்சி ஐசன்பெர்க் போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வேறுபாடு இது. தவிப்பைத் தாங்கும் பலத்தைக் குழந்தை தானாகப் பெறுவதில்லை. நூறு தடவை யாரோ எடுத்து அமர்த்தியதிலிருந்து, அழுகைக்கு ஒரு முடிவு உண்டு என்று உடம்பு கற்றுக்கொள்கிறது.

கலிபோர்னியாவில் பெர்க்லியைச் சேர்ந்த மேரி மெய்ன், கரோல் ஜார்ஜ் என்ற இருவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு சிறியது. பகல்நேரக் காப்பகங்களில் ஒன்றிலிருந்து மூன்று வயது வரையான 20 குழந்தைகள். எல்லாம் ஏழை வீடுகள். அதில் 10 பேர் வீட்டில் அடிபடுகிறவர்கள். கூட விளையாடும் பிள்ளை ஒன்று அழும்போது இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். அடிபடாத பிள்ளைகளில் பலர் நின்று பார்த்தார்கள், முகம் வாடினார்கள், சிலர் போய்த் தொட்டார்கள். அடிபட்ட பத்துப் பேரில் ஒருவர்கூட வருத்தம் காட்டவில்லை. பயந்தார்கள், கோபப்பட்டார்கள், அழுகிற பிள்ளையை அடித்தார்கள். ஒரு பையன் அழும் சிறுமியின் முதுகைத் தட்டிக்கொடுக்கத்தான் தொடங்கினான். தட்டத் தட்ட வேகம் கூடி அது அடியாகிவிட்டது.

இதைச் சொன்னால் வகுப்பில் எப்போதும் யாராவது ஒருவர் மெல்லச் சொல்வார்: "எங்க சென்டர்லயும் ஒருத்தன் இருக்கான் மேடம். யாரு அழுதாலும் போயி கிள்ளிருவான்." அவனை மூலையில் நிறுத்துவதுதான் வழக்கம். அவனுக்கு அழுகைச் சத்தம் என்றால் அடுத்து அடி வரப்போகிறது என்று பொருள். அந்தச் சத்தத்தை நிறுத்துவதற்கு அவனுக்குக் காட்டப்பட்ட ஒரே வழியை அவன் செய்கிறான். மூலையில் நிறுத்தினால் அவன் கணக்கு சரிதான் என்றாகிவிடும். கிள்ளப்பட்ட பிள்ளையை முதலில் பாருங்கள், அப்புறம் இவனையும் மடியில் இருத்துங்கள் என்பேன். "செல்லம் குடுத்தா இன்னும் கிள்ளுவான்" என்று ஒரு எதிர்ப்பு வரும். செய்து பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்பேன். சிலர் வந்தார்கள், எல்லோருக்கும் பலித்தது என்று சொல்லமாட்டேன்.

அடுத்த கேள்வியும் தவறாமல் வரும். "அப்ப வேலைக்குப் போற அம்மா பிள்ளைக எல்லாம் கல்நெஞ்சாத்தான் வளருமா?" கேட்கிறவரே காலை ஒன்பதுக்குத் தன் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஊரார் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர். இந்தப் பயத்தைக் கிளப்பியதில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பிக்குப் பங்குண்டு. லண்டனில் குழந்தை வழிகாட்டு மையத்துக்கு வந்த 44 சின்னத் திருடர்களைப் பற்றி 1944-இல் அவர் எழுதினார். அவர்களில் 14 பேரை யாரிடமும் பாசமில்லாதவர்கள் என்று தனியே பிரித்தார். அந்த 14-இல் 12 பேர் சின்ன வயதில் தாயை நீண்ட காலம் பிரிந்திருந்தவர்கள். மற்ற 30 திருடர்களில் அப்படிப் பிரிந்தவர்கள் 5 பேர்தான். கேட்டால் மலைப்பாக இருக்கும் கணக்கு. ஆனால் பாசமில்லாதவன் யார் என்று முடிவுசெய்ததும் அவர், பிரிவு இருந்ததா என்று விசாரித்ததும் அவர். பிறகு காசநோய் மருத்துவமனையில் சிறுவயதில் இருந்த 60 பிள்ளைகளைப் பார்த்தபோது முடிவு அவ்வளவு கறாராக வரவில்லை. முன்பு மிகைப்படச் சொல்லிவிட்டதாக 1956-இல் அவரே எழுதினார். 1972-இல் இன்னொரு மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் இன்னும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். பிரிவு என்பதைவிட, ஏன் பிரிந்தார்கள், வீட்டில் என்ன சண்டை, பிரிந்த பிள்ளையை யார் ஏந்திக்கொண்டார்கள் என்பதுதான் பிள்ளையை ஆக்குவதும் உடைப்பதும்.

ஆகவே மாமியார் மடியில் வளரும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. எந்நேரமும் சரியாகக் கவனிக்க வேண்டும் என்பதும் இல்லை. உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் தாயும் சிசுவும் முகம் பார்த்து விளையாடுவதை நொடி நொடியாகப் படம்பிடித்துப் பார்த்தார். நன்றாக இருக்கிற ஜோடிகளிலேயே இருவரும் ஒத்துப்போவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். மீதி நேரம் ஒருவர் சிரிக்க ஒருவர் திரும்பிக்கொள்வதும், பிறகு மறுபடி கண்டுபிடிப்பதுமாகப் போகிறது. அந்த மறுபடி கண்டுபிடிப்பதில்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. கோபத்தில் கத்திவிட்ட அம்மா கால்மணி கழித்து வந்து, "அம்மா கத்திட்டேன், பயந்துட்டியா?" என்று கேட்டால் போதும். நம் வீடுகளில் சோற்றைப் பிசைந்து ஊட்டிச் சமாதானம் முடிந்துவிடும். இந்தக் கேள்வி மட்டும் வராது. பெரியவர்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது கௌரவக் குறைச்சல்.

பிறவிக் குணம் என்று ஒன்று உண்டா? உண்டு. பிள்ளை வெறும் களிமண் என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. 1956-இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் கைக்குழந்தைகளைத் தொடரத் தொடங்கி, பத்தில் ஒன்று பிறப்பிலேயே 'சிரமமான' குழந்தை என்றார்கள். தூக்கம் ஒழுங்கில்லை, பசி ஒழுங்கில்லை, எதற்கும் உச்சத்தில் அழுகை. ஆனால் அதே தூக்கக் கோளாறு, வசதியான வெள்ளையர் வீட்டில் சண்டையானது. கண்டிப்பான தூக்க நேரம் வைத்துக்கொள்ளாத போர்ட்டோ ரிக்கோ உழைப்பாளிகள் வீட்டில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பிள்ளைக்கும் வீட்டுக்கும் உள்ள பொருத்தம்தான் முக்கியம் என்று அவர்கள் சொன்னார்கள். அமெரிக்காவில் தத்துப் பிள்ளைகளிடம் நடந்த பிந்தைய ஆய்வொன்றும் இதையே வேறு வழியில் காட்டியது. பெற்ற தாயிடம் முரட்டுப் போக்கு இருந்தால், அவள் வளர்க்காத பிள்ளையிடமும் இரக்கமின்மையின் சாயல் தெரிந்தது. ஆனால் வளர்த்த தாய் பாராட்டி, அரவணைத்துப் பழகிய வீடுகளில் அந்தச் சாயல் மங்கியது.

பாராட்டு என்றதும் நம்மவர்கள் ஒரேயடியாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். "எம்மவன் ராசா. இவனுக்கு நிகரு இந்த ஊருல எவன் இருக்கான்?" ஆம்ஸ்டர்டாமின் எடி ப்ரூமெல்மனும் குழுவினரும் ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள்ளான 565 டச்சுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசாரித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். தன் பிள்ளை மற்றவர்களைவிட உசத்தி, அவனுக்குத் தனிச் சலுகை வேண்டும் என்று நினைத்த பெற்றோரின் பிள்ளைகளிடம் தற்பெருமைக் குணம் வளர்ந்தது. பிள்ளையிடம் அன்பாக இருந்த பெற்றோரின் பிள்ளைகளிடம் சுயமரியாதை வளர்ந்தது. அன்பு காட்டியதால் யாருக்கும் தலைக்கனம் வரவில்லை. 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா' என்று தாய்மாரைத் திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

நம் வீட்டு ஆண்பிள்ளைக்கு இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிறது என்பது என் எண்ணம். தங்கைக்கு இல்லாத முட்டை அவனுக்கு உண்டு, சாப்பிட்ட தட்டை அவன் எடுக்கத் தேவையில்லை, அவன் ராசா. அதே ராசா விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தால், "ஆம்பளப் பிள்ளை அழலாமாடா?" உயரத்தில் தூக்கி வைக்கிறோம், ஆனால் அழுதால் கேட்பதில்லை. பெருமை நிறையக் கிடைத்து, ஆறுதல் கிடைக்காத பையன் பெரியவனானதும் அவனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தெரியும் அது என்ன என்று.

இப்படி வளர்ந்த குணம் காலம் தாழ்ந்தால் மாறாதா? ருமேனியாவின் அனாதை இல்லங்கள் இதற்குக் கொடுமையான பதில் ஒன்றைத் தந்தன. அந்நாட்டை ஆண்ட சௌஷெஸ்கு 1966-இல் கருக்கலைப்பைத் தடைசெய்தார்; வளர்க்க வழியில்லாத பிள்ளைகள் இல்லங்களில் விடப்பட்டார்கள். 1989 டிசம்பரில் அவர் ஆட்சி விழுந்தபோது இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். சோறு கிடைத்தவர்களுக்கும் மடி கிடைக்கவில்லை. 2000-இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில், மூன்று வயதுக்குட்பட்ட 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் பல விஷயங்களில் இன்னும் நன்றாகத் தேறினார்கள்.

ஆனால் இரண்டு வயதோடு கதவு சாத்தப்படுவதில்லை. இதற்கான சான்று எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்விலிருந்து வருகிறது. முன்பு சொன்ன பெர்க்லிக்காரர்கள் நான்சி கப்லானோடு சேர்ந்து பெரியவர்களுக்கான ஒரு நேர்காணலை வடிவமைத்தார்கள். சின்ன வயதில் உங்கள் அம்மாவோடு இருந்த உறவைப் பற்றி ஐந்து சொற்கள் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடந்த ஒரு சம்பவம் சொல்லுங்கள். "அருமையான உறவு" என்பார்கள். சம்பவம் கேட்டால் ஒன்றும் வராது, அல்லது அடிவாங்கிய கதை சிரிப்போடு வரும். சொல்லும் விதத்துக்குத்தான் மதிப்பெண். லண்டனில் பீட்டர் ஃபொனாகியும் மிரியம், ஹோவார்ட் ஸ்டீலும் இதைக் கர்ப்பிணிகளிடம் நடத்தினார்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு வயதானபோது எய்ன்ஸ்வர்த் சோதனையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை, அது பிறப்பதற்கு முன் எடுத்த அந்தப் பேட்டியே நாலுக்கு மூன்று முறை சரியாகச் சொல்லிவிட்டது. அதில் கொடிய பிள்ளைப்பருவம் கண்ட பெண்களும் இருந்தார்கள். பட்டதைப் பட்டபடி, வலியை மறைக்காமல், கோவையாகச் சொல்ல முடிந்த பெண்களின் குழந்தைகளுக்குக் குறை இல்லை.

எது அவர்களை அப்படிச் சொல்லவைத்தது? அடிபட்டு வளர்ந்தும் தன் பிள்ளையை அடிக்காத தாய்மாரை மினசோட்டாவில் ஆராய்ந்தவர்கள் 1988-இல் எழுதியது இது: சிறுவயதில் அவர்களுக்கு ஆதரவாக ஒரு பெரியவராவது இருந்தார், அல்லது எப்போதாவது மனநல சிகிச்சை கிடைத்தது, அல்லது நல்ல துணை வாய்த்தார். முதலாவதைச் சொல்லும்போது வகுப்பில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். அந்த ஒரு பெரியவர் சில பிள்ளைகளுக்கு அங்கன்வாடி டீச்சராக இருக்கலாம். எடை பார்க்கிற நேரத்தில், எடைக்கருவிக்குப் பயந்து அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிற அந்தச் சில நிமிடங்களுக்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. இருக்க வேண்டும் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவதைத்தான் எச்சரிக்கையோடு சொல்வேன். ஒருமுறை வகுப்பு முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்குப் போனபின் ஒரு பெண் மட்டும் நின்றார். "மேடம், எங்க வீட்டுக்காரருக்கு அவுக அப்பா சைக்கிள் செயினால அடிப்பாராம். நீங்க சொன்ன அத்தனையும் அவருக்குப் பொருந்துது. அப்ப நான்தான் பொறுத்துப் போயி, அவர மாத்தணுமா?"

கூடாது. ஒருவன் ஏன் இப்படி ஆனான் என்று தெரிந்துகொள்வது அவன் அடியை வாங்கிக்கொள்வதற்கான காரணம் ஆகாது. அவன் அழுகையைக் கேட்க வேண்டியது அதற்குப் படித்தவர்களின் வேலை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அவன் நடந்து போகட்டும். மனைவி அவனுக்குத் தாயாக முடியாது. அதைவிட, அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை அம்மா அடிபடுவதைப் பார்த்துக்கொண்டு அழாமலிருக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. அன்று அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். புகாரை அவரிடமே கொடுக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. இரண்டுக்கும் கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம்.